தொகையா, பங்கா, கூட்டா: வன்னியில் நாவலுக்கு ஓவியர் சேர்க்கும்போது

வன்னியில் நாவல் எழுதி முடித்த ஒருவர் ஓவியரைத் தேடத் தொடங்குவது பெரும்பாலும் அச்சகத்திலிருந்து "அட்டைப்படம் எங்கே?" என்று கேட்கும் அன்றுதான். மண்டபம் பதிந்தாயிற்று, அழைப்பிதழ் போயிற்று, கையில் இருப்பது இரண்டு கிழமை. இரண்டு கிழமைக்குள் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. நேரம் கிடைக்கிறவர் வரைவார், வந்ததை அச்சடிக்க வேண்டியதுதான். மூலப்பிரதி முடிந்து, அச்சுக்குக் குறைந்தது ஐந்தாறு மாதம் இருக்கிறவருக்கே தெரிவு என்று ஒன்று உண்டு.

வழிகள் நான்கு. அட்டைக்கு மட்டும் ஒற்றைத் தொகை. உள்ளே வரும் கோட்டோவியங்களுக்கும் சேர்த்து, படத்துக்கு இவ்வளவு என்று தொகை. விற்பனையில் பங்கு. முதல் வரியிலிருந்தே இரண்டு பேர் பெயரில் கூட்டுப்படைப்பு. பேச்சு காசில் தொடங்கினாலும், ஓவியர் கதையின் எந்த வரைவில் உள்ளே வருகிறார், யார் யாருடைய வேலையைத் திருத்தலாம் என்பவைதான் இந்த நான்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கின்றன. உள்ளதைச் சொன்னால், 300 பிரதி, 500 பிரதி அடிக்கும் வன்னி நாவலுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். மற்ற மூன்றுக்கும் இடமுண்டு, ஆனால் சிறிய இடம்.

அட்டை மட்டும்

செலவு குறைவு, சச்சரவும் குறைவு. கவிதை நூலுக்கும் சிறுகதைத் தொகுப்புக்கும் இது போதும். பிழை வருவது இரண்டு இடத்தில்.

முதலாவது அளவு. ஏ5 நூலின் முன்னட்டை 148 மிமீ அகலம், 210 மிமீ உயரம். முன், பின், முதுகு மூன்றையும் ஒரே ஓவியமாக வரைவதென்றால் முதுகின் தடிப்புத் தெரியவேண்டும். 192 பக்கம் என்றால் 96 தாள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மிமீ, ஆகவே முதுகு 10 மிமீ அளவில் வரும். 70 ஜிஎஸ்எம் என்றால் ஒரு மிமீ குறையும். 148, 10, 148 கூட்டினால் 306. நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மிமீ விட்டால் 312க்கு 216. ஏ3 தாளில் தாராளமாக வரையலாம். ஆனால் தாள் எது என்று அச்சகம் முடிவாகச் சொல்ல முன் முதுகை வரைந்தால், நூலின் பெயர் முதுகிலிருந்து நழுவி முன்னட்டையில் ஏறி நிற்கும். பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் இலக்கத்தின் பட்டைக்கோட்டுக்கு 40க்கு 30 மிமீ வெள்ளை இடம் விடவேண்டும். கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தரும் இலக்கம் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். விண்ணப்பத்தை அட்டைக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. தலைப்புக்கென்று மேற்பக்கத்தில் மூன்றிலொரு பங்கு வெறுமையாக இருக்கட்டும். ஓவியர் வானம் முழுக்கப் பனையோலை விரித்துவிட்டால், எழுத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டி போடுவதைத் தவிர வடிவமைப்பாளருக்கு வேறு வழியில்லை.

இரண்டாவது, மூலப்பிரதியை யாரும் ஓவியரிடம் கொடுப்பதில்லை. தொலைபேசியில் இரண்டு வரி: "வன்னிக் கதை, கொஞ்சம் சோகம்." முள்ளுக்கம்பி, தலையில்லாத பனை, சிவந்த வானம், முகம் பொத்திய பெண் என்று படம் வந்து சேரும். கதை விசுவமடுவில் காடு வெட்டி மிளகாய் நட்ட படித்த வாலிபர் குடியேற்றத்தைப் பற்றியதாக இருந்தாலும் அட்டை இதுதான். முழு நாவலையும் வாசிக்க நேரமில்லாதவருக்கு முதல் அத்தியாயம், நடுவில் ஒன்று, கடைசிக்கு முந்தியது என்று மூன்றையாவது அச்செடுத்துக் கொடுக்கவேண்டும். அதையும் வாசிக்காத ஓவியரைவிட நல்ல புகைப்படம் ஒன்று மேல்.

படத்துக்கு இவ்வளவு

இங்கே முதற் கேள்வி எத்தனை படம் என்பது. அதற்குப் பதில் அச்சகக் கணக்கில் இருக்கிறது. 16 பக்கம் ஒரு பாரம். 192 பக்கம் என்றால் 12 பாரம். முன்பக்கங்களும் கதையும் சேர்ந்து 180இல் நின்றால், 12 முழுப்பக்க ஓவியத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. கதை 190 வரை ஓடினால் அதே 12 ஓவியமும் 202க்குத் தள்ளி, பதின்மூன்றாவது பாரத்தைத் திறந்து, கடைசியில் ஆறு வெற்றுப்பக்கத்தோடு முடியும். ஆகவே ஓவியரோடு தொகை பேச முன், பக்க வடிவமைப்பாளர் ஒருதரம் கதையை ஓடவிட்டுப் பக்கத்தைச் சொல்லட்டும்.

நிறப்படத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும். ஆர்ட் பேப்பரில் தனியாக அடித்துச் செருகும் தாள், பாரத்துக்கும் பாரத்துக்கும் இடையில்தான் உட்காரும்: 16, 32, 48, 64, 80 ஆகிய பக்கங்களுக்குப் பின்னால். 73ஆம் பக்கத்துக் காட்சியின் படம் 64க்குப் பின் வந்து கதையை முன்கூட்டியே உடைத்துவிடும், அல்லது 80 வரை காத்திருக்கும். முதுகில் பசை பூசி ஒட்டும் கட்டில் இரட்டைப் பக்கப் படமும் வேண்டாம். நடுவில் 12 முதல் 15 மிமீ வரை மடிப்புக்குள் போய்விடும், அந்த இடத்தில்தான் யாருடையதாவது முகம் இருக்கும்.

எனவே கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். 70, 80 ஜிஎஸ்எம் பாங்க் பேப்பர் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பெருக்கும். நீர்வர்ணத்தில் மென்மையாகத் தெரிந்த சாம்பல், அச்சில் ஒரு படி கறுக்கும். கோடு மட்டும் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, தடிப்பைக் கவனித்தால் போதும். ஏ4 தாளில் வரைந்து ஏ5 பக்கத்துக்குச் சுருக்கினால் எல்லாம் 71 வீதமாகும். 0.1 பேனையின் கோடு 0.07 மிமீ ஆகி, அங்கங்கே அறுந்து விழும். 0.3, 0.5, 0.8 மூன்றும் போதும். பென்சில் நிழலை விரும்புகிற ஓவியர்களும் இருக்கிறார்கள். அச்சகத்தில் அது புழுதி படிந்த மாதிரி வரும் என்பதை வரைய முன்னரே சொல்லிவிடவேண்டும், வரைந்தபின் சொன்னால் மனவருத்தம்.

வேலை போகும் ஒழுங்கு இப்படி. எழுத்தாளர் இருபது காட்சியைக் குறித்துக் கொடுக்கிறார். ஓவியர் வாசித்துவிட்டு அதில் எட்டை வைத்துக்கொண்டு, தான் கண்ட நான்கைச் சேர்க்கலாம். அந்த நான்கில்தான் பெரும்பாலும் நல்ல படம் இருக்கும், ஏனென்றால் எழுத்தாளர் குறிப்பது கதை திரும்பும் இடத்தை, ஓவியர் காண்பது கண் நிற்கும் இடத்தை. முடிவான பன்னிரண்டுக்கும் தீப்பெட்டி அளவில் மும்மூன்று சின்னக் கீறல். தெரிந்தெடுத்ததற்குப் பென்சில் வரைவு. இந்தக் கட்டத்தில் இரண்டு தரம் இலவசத் திருத்தம். மை போட்ட பிறகு திருத்தம் கேட்டால் அரைப் படத்துக் காசு. காசும் மூன்று தவணை: வேலை ஏற்கும்போது ஒன்று, பென்சில் முடிய ஒன்று, மூலப்படம் கைக்கு வர ஒன்று.

காட்சிக் குறிப்பில் வன்னிக்கென்று சில வரி கட்டாயம் வேண்டும். மாதம் எழுதாத குறிப்பு அரைக் குறிப்பு. மார்கழியில் இரணைமடு என்றால் வான்கதவு திறந்து தண்ணீர் பாயும், ஆவணியில் அதே குளத்தின் அடி வெடித்துக் கிடக்கும். மாரிக்கால நெல்லான காலபோகப் பயிர் கார்த்திகையில் முழங்கால் அளவு பச்சை, மாசியில் அரிவுவெட்டு. வேலி அலம்பலா, முள்ளுக்கம்பியா, கிடுகா என்பதில் குடும்பத்தின் நிலையே இருக்கிறது. கிடுகு வேலியைப் போட்டதும் படம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். கதை 2010இல் நடந்தால் தறப்பாளும் தகரமும். 2012க்குப் பிறகு பரவிய இந்திய வீட்டுத்திட்ட வீட்டை அங்கே வரைந்தால், கிளிநொச்சி வாசகர் முதற் பார்வையிலேயே பிடித்துவிடுவார். குளக்கட்டில் மருது, காட்டோரம் பாலையும் முதிரையும். இலை தெரியாவிட்டாலும் மரத்தின் நிற்கும் விதம் தெரியும்.

இனி ஓவியத்தைக் கணினிக்குள் ஏற்றும் இடம். நகரத்துக் கொமினிகேசன் கடையில் "ஸ்கான் பண்ணித் தாங்கோ" என்றால் 150 அல்லது 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) ஜேபெக் வரும், அது கடிதத்துக்கான அமைப்பு. கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ, டிஃப் கோப்பு, சாம்பல் நிலை என்று கேட்டு, திரையில் 100 வீதத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பென்ட்ரைவில் எடுக்கவேண்டும். கண்ணாடியில் ஒட்டிய தூசி ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளியாக வரும், துணியால் துடைக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். வட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் படமாக அனுப்பினால் சுருங்கும், நீளப்பக்கம் 1600 புள்ளி என்று வைப்போம். 600 டிபிஐ கணக்கில் அது 68 மிமீ உயரத்துக்குத்தான் காணும், பக்கம் 210 மிமீ. ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது. அச்சகத்தில் "படம் உடையுது" என்று சொன்னால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் இதுதான், ஓவியரின் கையில் பிழை இல்லை.

பக்கத்தில் இருப்பவரா, தூரத்தில் இருப்பவரா

வன்னியில் கைக்கெட்டும் ஓவியர் அநேகமாகப் பாடசாலைச் சித்திர ஆசிரியர். ஊரைத் தெரிந்தவர், குளம் எந்த மாதம் எப்படி என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தவணை விடுமுறையில் வேகம் வரும், பரீட்சைக் காலத்தில் ஒரு மாதம் ஒன்றும் நகராது. பெரிய சிக்கல் மரியாதை. அவரை எல்லோரும் "சேர்" என்று கூப்பிடுவார்கள், எழுத்தாளரும் அப்படித்தான். "சேர், இந்தக் கை சரியில்லை" என்று சொல்ல நா எழாது. மறுபக்கம், எழுத்தாளர் அறுபது தாண்டிய ஐயாவாகவும் ஓவியர் இப்போதுதான் பட்டம் முடித்த தங்கச்சியாகவும் இருந்தால், ஐயா சொன்னதெல்லாம் திருத்தமாகிவிடும், படம் செத்துவிடும். இதற்காகத்தான் இரண்டு தரம் திருத்தம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. எண்ணிக்கையைக் காட்டிப் பேசினால் முகம் முறியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் காண்பியக் கலை படித்தவர்கள், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவர்கள் அடுத்த தெரிவு. கையும் கண்ணும் பழகியவர்கள். ஆனால் பலர் தனிப்படத்துக்குப் பழகியிருப்பார்கள், ஒரே பாத்திரத்தை 12 படத்தில் ஒரே ஆளாக வைத்திருப்பது வேறு பயிற்சி. முதலில் ஒரு ஏ4 தாளில் ஒவ்வொரு முக்கிய பாத்திரத்துக்கும் நேர்முகம், பக்கமுகம், முழு உருவம், பக்கத்தில் மற்றவரோடு உயர ஒப்பீடு என்று பாத்திரத் தாள் கேட்கவேண்டும். யாழ்ப்பாணம் என்றால், கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் காலையில் பஸ் ஏறினால் நேரில் பேசிவிட்டு மாலையில் திரும்பலாம். பென்சில் கட்டத்தில் ஒரு தடவையாவது அப்படிப் போனால் பத்து வட்ஸ்அப் குரற்செய்தி மிச்சம்.

சென்னை ஓவியர் வேகமும் முடிப்பும் தருவார், வார இதழ்ப் பழக்கம் உள்ளவர் என்றால் திகதி தவறமாட்டார். பிழை வருவது விவரத்தில். வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியுமாகப் போகவேண்டிய நம் பாடசாலைப் பிள்ளை, ரிப்பன் கட்டிப் பாவாடை தாவணியில் நிற்கும். அட்டையில் ஓட்டோ மஞ்சளாக வரும். லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் நீண்ட கைப்பிடியை அவர் கண்டிருக்கமாட்டார். அவரைத் தெரிவுசெய்தால் ஐம்பது, அறுபது புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதி அனுப்பவேண்டும். அந்த வேலைக்கு ஒரு கிழமை ஒதுக்காமல் பிறகு ஓவியரைக் குறை சொல்லக்கூடாது.

செயற்கை நுண்ணறிவில் ஒரு நிமிடத்தில் படம் எடுக்கலாமே என்ற கேள்வி இப்போது எல்லா அச்சகத்திலும் உண்டு. 1024 புள்ளிச் சதுரப் படம் 300 டிபிஐயில் 87 மிமீதான் வரும், வெட்டுப் பகுதியோடு முன்னட்டைக்கு ஏறத்தாழ 1820க்கு 2550 புள்ளி வேண்டும். பெருக்கினாலும் மிஞ்சுவது வேறெங்கோ உள்ள குளமும் வேறெங்கோ உள்ள சேலைக்கட்டும். நாவலுக்கு வேண்டாம்.

போர்க்காலக் காட்சிகளுக்கு ஒரு எச்சரிக்கை, ஓவியர் எங்கே இருந்தாலும். இணையத்தில் கிடைக்கும் 2009ஆம் ஆண்டுப் படங்களை வைத்து முகத்தை அப்படியே கீறிவிடுவது எளிது. அந்த முகத்துக்கு ஒரு தாய் இருப்பாள், நூல் முல்லைத்தீவில் விற்கும். புகைப்படம் எடுத்தவருக்கும் உரிமை உண்டு. உடல் நிற்கும் விதத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, முகத்தைப் பாத்திரத் தாளிலிருந்து போடவேண்டும்.

பங்கு

"காசு இப்ப இல்லை அண்ணை, விற்கிறதில பத்து வீதம் தாறன்." மனசு நல்லது, கணக்குத்தான் நிற்காது. 300 பிரதி, விலை 800 ரூபா என்று வைப்போம். தாளில் பத்து வீதம் 24,000 ரூபா. நடப்பது வேறு. பேச்சாளர், விமர்சகர், நூலகம், அச்சகம் என்று 40 இலவசம். இலண்டன், ரொறன்ரோ உறவினர் 60 பிரதிக்கு 50,000 ரூபா அனுப்பி, "மிச்சத்தை மண்டபச் செலவுக்கு வை" என்பார். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெறுபவர் தரும் கடித உறைக்குள் 25,000 இருக்கும், சிறப்புப் பிரதி உறையில் 5,000, பின்வரிசை உறையில் 500. இது நூலின் விலையா, எழுத்தாளருக்குச் செய்த மரியாதையா? கடைக்கு 100 பிரதி போய் 60 திரும்பிவரும். விற்ற 40க்கும் கடைக் கழிவு 35 வீதம் என்றால் கைக்கு வருவது 20,800 ரூபா, அதில் பத்து வீதம் 2,080. இரண்டு பேரும் நேர்மையானவர்களாக இருந்தும் ஒருவர் 24,000 எதிர்பார்ப்பார், மற்றவர் 2,080 கொடுப்பார். பிறகு இருவரும் ஒரே விழாவில் வேறு வேறு வரிசையில் இருப்பார்கள்.

பங்குதான் வழி என்றால் விற்பனையை விட்டு அச்சைப் பிடிக்கவேண்டும். அச்சடித்த பிரதிக்கு 40 ரூபா என்று பேசினால் 300க்கு 12,000. அச்சகப் பற்றுச்சீட்டில் எண்ணிக்கை இருக்கிறது, நூல் கட்டி வந்த அன்றே கொடுக்கலாம். மறுபதிப்பு வந்தால் மறுபடி அதே கணக்கு.

கூட்டு

இருவர் பெயரும் அட்டையில் சமமாக வரும் கூட்டுப்படைப்பு, சித்திர நாவலுக்கு உரியது. சாதாரண நாவலுக்கு இதைப் பேசுவது பாசத்தில் செய்யும் பிழை. பக்கத்துக்கு இரண்டு நாள் என்றாலே 120 பக்கம் 240 வேலைநாள். கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் கிடைக்கிற ஆசிரியருக்கு அது 120 கிழமை. இரண்டு வருடத்துக்கு மேல் இரண்டு பேரின் வாழ்க்கை ஒரே திசையில் ஓடவேண்டும்.

யார் முன்னே போவது என்ற இழுபறி பழையது. 1836இல் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கின்ஸின் பிக்விக் தொடர்கதை தொடங்கியபோது, ராபர்ட் செய்மூர் என்ற ஓவியரின் படங்களுக்குப் பின்னால் எழுத்து வருவதாகத்தான் பதிப்பாளர் நினைத்தார்கள். எழுத்தாளர் அதை மாற்றிவிட்டார். இரண்டாவது இதழ் வர முன்னரே செய்மூர் இறந்துபோக, இதழுக்கு நான்கு படம் இரண்டானது, எழுத்து கூடியது. தமிழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனுக்கு வாராவாரம் மணியம் வரைந்தார். இன்றைக்கும் அந்தக் கொண்டையும் மீசையுமே பலர் மனதில் பாத்திரங்களின் முகம். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் யாரும் அச்சிடலாம். நாட்டுடைமை எழுத்துக்குத்தான், படத்துக்கு அல்ல.

நம் இலங்கைச் சட்டமும் அப்படியே பிரிக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். தொழில்தருநரிடம் வேலையாளாக இருந்து செய்தது வேறு. காசு கொடுத்து வரைவித்ததால் மட்டும் உரிமை எழுத்தாளருக்கு வராது. உரிமையை மாற்றுவதும் பயன்படுத்த அனுமதிப்பதும் எழுத்தில், இரு பக்கமும் கையொப்பமிட்டு இருக்கவேண்டும். கூட்டுப்படைப்பில் யார் எதைச் செய்தார் என்று பிரித்தெடுக்க முடிந்தால், அவரவர் பகுதி அவரவருக்கு. உரிமை வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும்.

ஆகவே எந்த வழி என்றாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டியது: படங்களின் எண்ணிக்கையும் அளவும், எந்தப் பதிப்புக்கு, எத்தனை பிரதிக்கு, மின்னூல், சிங்கள ஆங்கில மொழிபெயர்ப்பு, தமிழ்நாட்டுப் பதிப்பு சேருமா, சுவரொட்டிக்கும் அழைப்பிதழுக்கும் வெட்டி எடுக்கலாமா, ஓவியர் பெயர் எந்தப் பக்கத்தில், எந்த அளவில். வெட்டி எடுப்பதைப் பலர் சின்ன விஷயமாக நினைப்பார்கள். அழைப்பிதழில் பாதி முகத்தோடு தன் படத்தைக் காணும் ஓவியர் அப்படி நினைக்கமாட்டார்.

மூலப்படம் யாரிடம் என்பதையும் எழுதவேண்டும். விற்க விரும்பினால் ஓவியரிடமே இருக்கட்டும். மண்தரை வீட்டில் பெட்டிக்குள் வைத்தால் ஒரு மாரிக்குள் கறையான் கணக்கு முடித்துவிடும், தகரப் பெட்டியில் படத்துக்குப் படம் வெள்ளைத் தாள் வைத்து, நிலத்திலிருந்து உயர்த்தி வைக்கவேண்டும்.

எல்லோரும் விட்டுவிடும் வரி ஒன்று: ஓவியர் இடையில் வெளிநாடு போய்விட்டால் என்ன செய்வது. ஏழாவது படத்தில் விசா வந்துவிடும், மிச்சம் ஐந்து. முடிந்த ஏழுக்கும் முழுத்தொகை, பென்சிலில் நிற்பவற்றுக்கு அரைத்தொகை, பாத்திரத் தாள் எழுத்தாளரிடம் ஒப்படைப்பு, மிச்சத்தை வரைகிறவர் பெயர் தனியாக என்று முன்பே எழுதியிருந்தால், விமான நிலையத்துக்குப் போகும் வானிலிருந்து தொலைபேசியில் பேசி முடிக்கவேண்டியிராது.